சிலைக்கும் சிலைக்கும் நடுவே

ஒரு பெரிய மனிதர் பல வருஷம் உட்கார்ந்து எழுந்து போன நாற்காலியில், அடுத்த ஆளாகப் போய் உட்கார்ந்த அனுபவம் உங்களுக்கு உண்டா? மாமியார் ஆண்ட அடுப்படியில் முதன்முதலாக சாம்பார் வைத்த மருமகளைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார். சாம்பாரில் ஒரு குறையும் இருக்காது. ஆனாலும் யாராவது ஒருத்தர், ‘அம்மா வெக்கிற மாதிரி இல்ல...’ என்று இழுப்பார்.

எனக்கு அந்த அனுபவம் உண்டு. அந்தக் கதையைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். அதற்கு முன்னால் என்னோடு அமெரிக்காவுக்கு ஒரு நடை வாருங்கள். டிக்கெட் செலவு உங்களுக்கு இல்லை.

2024 அக்டோபர் 5, சனிக்கிழமை சாயங்காலம். அலபாமா மாநிலத்தில் டஸ்கலூசா என்கிற ஊர். என் அக்கா பையன் அங்கே உள்ள அலபாமா பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படிக்கிறான். அவன் அறையில் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தோம். நாஷ்வில் நகரத்தில் அலபாமா அணிக்கும் வாண்டர்பில்ட் என்கிற பல்கலைக்கழக அணிக்கும் மேட்ச்.

ஃபுட்பால்தான். ஆனால் நாம் விளையாடுகிற ஃபுட்பால் இல்லை. முட்டை வடிவத்தில் ஒரு பந்து. அதைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள், எறிவார்கள், ஓடுகிறவனைப் பத்துப் பேர் முட்டித் தள்ளுவார்கள். பந்தைக் காலால் தொடுவது எப்போதாவதுதான். பிறகு எதற்கு இந்தப் பெயர் என்று கேட்டேன். “மாமா, மேட்சைப் பாருங்க” என்றான் பையன்.

அன்றைக்கு அலபாமா நாட்டிலேயே நம்பர் ஒன் அணி. வாண்டர்பில்ட் படிப்பில் புலி, இந்த ஆட்டத்தில் பூனை என்று பேர் வாங்கிய அணி. பூனை ஜெயித்தது. 40-க்கு 35. மைதானத்துக்குள் ஜனம் புகுந்து, கோல் கம்பத்தைப் பிடுங்கித் தோளில் தூக்கிக்கொண்டு போய் ஊரில் ஓடுகிற கம்பர்லாண்ட் ஆற்றில் போட்டுவிட்டு வந்தது. நம் ஊரில் பிள்ளையாரைத்தான் அப்படி ஊர்வலமாகக் கொண்டுபோய்க் கரைப்போம்.

டி.வி.யில் திரும்பத் திரும்ப ஒரு வரி ஓடியது. வாண்டர்பில்ட் கடைசியாக அலபாமாவை ஜெயித்தது 1984-ல் என்று.

“1984-ல அலபாமாவுக்கு யாருடா கோச்?”

பையன் செல்போனைத் தடவினான். “ரே பெர்கின்ஸ்னு ஒருத்தர் மாமா.”

“அவருக்கு முன்னாடி?”

“பேர் பிரையன்ட்.” இதற்கு அவனுக்கு போனைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அந்த ஊரில் யாருக்கும் வேண்டியிருக்காது.

“சரி, இப்ப இருக்கிறவருக்கு முன்னாடி?”

“நிக் சேபன். பதினேழு வருஷம் இருந்தார். ஜனவரியிலதான் ரிட்டயர் ஆனார்.”

எனக்குச் சட்டென்று தூக்கம் போய்விட்டது. இரண்டு பெரிய மனிதர்கள். இரண்டு பேருக்கும் அடுத்து வந்த இரண்டு பேர். நாற்பது வருஷ இடைவெளியில் இரண்டு பேரும் ஒரே அணியிடம் தோற்றிருக்கிறார்கள்.

மறுநாள் காலை ஸ்டேடியத்தைப் பார்க்கக் கிளம்பினோம். பிரையன்ட் - டென்னி ஸ்டேடியம். ஒரு லட்சம் பேர் உட்காரலாம். ஊர் ஜனத்தொகையே ஏறக்குறைய அவ்வளவுதான். வழியில் எதிர்ப்பட்டவர்கள் ‘குட்மார்னிங்’ சொல்லவில்லை. ‘ரோல் டைட்’ என்றார்கள். டைட் என்றால் அலை. அணியின் பெயர் கிரிம்சன் டைட், கருஞ்சிவப்பு அலை. ‘உருண்டு வா அலையே’ என்பதுதான் அங்கே வணக்கம், நன்றி, போய்வருகிறேன் எல்லாம். அன்று காலையில் மட்டும் அது துக்க வீட்டில் தலையாட்டுவது மாதிரி இருந்தது.

ஸ்டேடியத்தின் வடக்கு வாசலில் ஐந்து வெண்கலச் சிலைகள். ஐந்தும் கோச்சுகளுடையவை. வாலஸ் வேட், ஃபிராங்க் தாமஸ், பேர் பிரையன்ட், ஜீன் ஸ்டாலிங்ஸ், நிக் சேபன். தேசிய சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்தவருக்குத்தான் சிலை.

கோச்சுக்கு ஏன் சிலை, ஆடியவனுக்கு அல்லவா வைக்க வேண்டும் என்று உங்களைப் போலவே நானும் கேட்டேன். பையன் சொன்ன பதில் நியாயமாக இருந்தது. ஆடுகிற மாணவர்கள் நாலைந்து வருஷத்தில் போய்விடுவார்கள். வருஷா வருஷம் முகம் மாறும். மாறாமல் நிற்கிற ஒரே முகம் கோச்தான். எந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எந்தப் பையன் நன்றாக ஆடுகிறான் என்று தேடிப் பிடித்து, அவன் வீட்டுக்கே போய், அம்மா அப்பாவிடம் பேசி அழைத்து வருவதும் அவர்தான். தோற்றால் திட்டு வாங்குவதும் அவர்தான்.

நான் பி.காம். படித்தவன். எதைப் பார்த்தாலும் பேரேடு போட்டுப் பார்க்கிற புத்தி போகாது. சிலைகளுக்குக் கீழே உள்ள வருஷங்களைப் பார்த்தபடி மனசுக்குள் கூட்டிக் கழித்தேன். வேடுக்கும் தாமஸுக்கும் நடுவில் இடைவெளி இல்லை. தாமஸுக்கும் பிரையன்டுக்கும் நடுவில் 11 வருஷம், இரண்டு பேர். பிரையன்டுக்கும் ஸ்டாலிங்ஸுக்கும் நடுவில் 7 வருஷம், இரண்டு பேர். ஸ்டாலிங்ஸுக்கும் சேபனுக்கும் நடுவில் 10 வருஷம், நாலு பேர். ஆக, சிலைகளுக்கு நடுவில் எட்டுப் பேர் காணோம்.

அந்த எட்டுப் பேர் மேல்தான் எனக்கு ஆசை விழுந்தது. அன்று ராத்திரி முழுக்கப் படித்தேன்.

முதல் கோச் 1892-ல் வந்தவர். பெயர் பியூமான்ட். நாலு மேட்ச், இரண்டு வெற்றி, இரண்டு தோல்வி. அத்தோடு சரி. பிறகு முப்பது வருஷம் யார் யாரோ வந்து போனார்கள். 1923-ல் வந்தார் வாலஸ் வேட். கறார் ஆசாமி. 1926 ஜனவரி முதல் தேதி, கலிஃபோர்னியாவில் நடக்கிற ரோஸ் போல் போட்டிக்கு அலபாமாவைக் கொண்டுபோனார். அமெரிக்காவின் தென் மாநிலங்களிலிருந்து அதற்கு முன் ஓர் அணியும் அங்கே போனதில்லை. வாஷிங்டன் அணியை 20-19 என்று ஒரே ஒரு பாயிண்டில் ஜெயித்தார்கள். உள்நாட்டுப் போரில் தோற்ற தெற்கு, அறுபது வருஷம் கழித்து ஏதோ ஒன்றில் ஜெயித்துவிட்டதாகவே அந்த ஊர்க்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். அலபாமாவில் ஃபுட்பால் விளையாட்டாக இல்லாமல் போனது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

வேட் ஒரு விசித்திரமான காரியம் செய்தார். 1930 சீஸன் தொடங்கும் முன்பே, ‘இந்த வருஷத்தோடு போகிறேன்’ என்று சொல்லிவிட்டார். சொன்னபின் அந்த வருஷம், மறுபடி ரோஸ் போலையும் சேர்த்து, பத்துக்குப் பத்து ஜெயித்துவிட்டுத்தான் கிளம்பினார். நோட்டீஸ் பீரியடில் எத்தனை பேர் இப்படி வேலை பார்க்கிறோம், சொல்லுங்கள்?

அடுத்து வந்த தாமஸை அழைத்துப் பல்கலைக்கழகத் தலைவர் டென்னி ஒன்று சொன்னதாக அங்கே ஒரு கதை உண்டு. ‘வெற்றிக்கு ஆட்டக்காரர்கள் 90 சதவீதம், கோச் 10 சதவீதம்தான். அந்த 90-ஐ நாங்கள் தருகிறோம். மிச்சம் 10-க்கு நீர் பொறுப்பு’ என்கிற மாதிரி. கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? தோற்றால் நூறும் யார் தலையில் விழும் என்று டென்னி சொல்லவில்லை. தாமஸ் தப்பித்தார். 115 மேட்ச் ஜெயித்தார். கடைசி நாட்களில் ரத்த அழுத்தம் முற்றி நிற்கவே முடியாமல், வண்டியில் உட்கார்ந்து ஒலிபெருக்கியில் பயிற்சி கொடுத்தார்.

இப்போது நம் ஆட்கள். தாமஸுக்கு அடுத்து ரெட் ட்ரூ. எட்டு வருஷம், 54 வெற்றி. ஒரு பெரிய போட்டியில் சிரக்யூஸ் அணியை 61-6 என்று நசுக்கினார். நல்ல கோச்தான். பயிற்சி மைதானத்துக்கு தாமஸ் பெயரோடு சேர்த்து இவர் பெயரையும் வைத்திருக்கிறார்கள். சிலைதான் இல்லை.

அவருக்கு அடுத்தவர் விட்வொர்த். இவரைப் படிக்கும்போதுதான் வயிற்றைப் பிசைந்தது. வேட் விடைபெற்ற அந்த ரோஸ் போல் போட்டியில் ஆடிய பையன் இவர். ஜெயித்த 24 பாயிண்டில் மூன்று இவர் காலால் வந்தது. சொந்தக் கல்லூரிக்கே கோச்சாக வருகிறார். 1955-ல் பத்து மேட்ச், பத்தும் தோல்வி. மூன்று வருஷத்தில் மொத்தமே நாலு வெற்றி. இது போதாதென்று, அந்த 1955-ல் அணியில் இருந்த ஒரு சீனியர் பையனை அதிகம் ஆடவிடாமல் ஓரமாக உட்கார வைத்திருந்தார். பையன் பெயர் பார்ட் ஸ்டார். பிற்பாடு கிரீன் பே அணிக்குப் போய் முதல் இரண்டு சூப்பர் போல்களையும் ஜெயித்துக் கொடுத்தவர். அமெரிக்காவில் இந்தப் பெயரைத் தெரியாதவர்கள் குறைவு. ஒரு மனுஷன் கையில் வைரம் இருந்தும் கூழாங்கல் என்று நினைத்து ஜேபியில் போட்டு வைத்திருந்தால், அவரை என்ன சொல்வது? விட்வொர்த் 1960-ல் போய்ச் சேர்ந்துவிட்டார். ஸ்டார் கப்பு மேல் கப்பு வாங்கியதைப் பார்க்கிற கஷ்டம் அவருக்கு இல்லை.

பிறகு, பேர் பிரையன்ட். பேர் என்றால் கரடி. சின்னப் பையனாக இருந்தபோது, ஊருக்கு வந்த ஒரு வித்தைக்காரனின் கரடியோடு மல்லுக்கட்டியதால் வந்த பட்டப்பெயர். நிமிஷத்துக்கு ஒரு டாலர் பேச்சு. காசு கடைசிவரை வரவில்லை, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இதே அலபாமாவில் படித்து ஆடியவர். டெக்ஸாஸில் நல்ல வேலையில் இருந்தவரைக் கூப்பிட்டதும், ‘அம்மா கூப்பிட்டுவிட்டாள்’ என்று சொல்லிவிட்டு 1958-ல் வந்தார். வந்த முதல் வருஷமே ஐந்து வெற்றி. விட்வொர்த்தின் மூன்று வருஷத்தைவிட ஒன்று அதிகம். இருபத்தைந்து வருஷத்தில் 232 வெற்றி, ஆறு தேசியப் பட்டங்கள். தலையில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட தொப்பி. பயிற்சி மைதானத்தில் ஒரு கோபுரம் எழுப்பி, அதன் உச்சியில் நின்று எல்லாரையும் பார்த்துக்கொண்டிருப்பார். மேலேயிருந்து அவர் இறங்கி வந்தால் கீழே யாருக்கோ சனி என்று அர்த்தம்.

தொப்பி போட்ட தலைவர் என்றால் ஜனங்கள் என்னவெல்லாம் மன்னிப்பார்கள் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 1963-ல் இதே டஸ்கலூசாவில்தான், இரண்டு கறுப்பின மாணவர்கள் சேரக்கூடாது என்று மாநில கவர்னர் வாலஸ் வாசலில் போய் நின்று மறித்தார். மாணவர்கள் சேர்ந்துவிட்டார்கள். ஆனால் ஃபுட்பால் அணி அதற்குப் பிறகும் வெள்ளையாகவே இருந்தது. 1969-ல் கறுப்பின மாணவர்கள் கோர்ட்டுக்கே போனார்கள். மறு வருஷம் பிரையன்ட் முதல் கறுப்பின மாணவருக்கு உதவித்தொகை கொடுத்துச் சேர்த்தார். அதே 1970 செப்டம்பரில் தெற்கு கலிஃபோர்னியா அணி வந்து, கறுப்பின வீரர் சாம் கன்னிங்ஹாமை முன்னால் விட்டு, அலபாமாவை 42-21 என்று சொந்த மண்ணிலேயே புரட்டி எடுத்தது. 1971-ல்தான் அலபாமா சட்டை போட்டு ஒரு கறுப்பின இளைஞர் மைதானத்தில் இறங்கினார். மாநிலத்திலேயே செல்வாக்கான மனிதர் பிரையன்ட். இன்னும் கொஞ்சம் முன்னாலேயே செய்திருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சிலை அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

1982 டிசம்பர் 29-ல் கடைசி மேட்ச். ஜெயித்தார். சரியாக 28-வது நாள் மாரடைப்பில் இறந்துபோனார். டஸ்கலூசாவிலிருந்து பர்மிங்ஹாம் கல்லறை வரைக்கும் சுமார் 55 மைல். சாலையோரமும் மேம்பாலமும் ஜனம்.

இப்போது ரே பெர்கின்ஸை நினைத்துப் பாருங்கள். பிரையன்டிடம் ஆடி வளர்ந்த பிள்ளை. நியூயார்க் ஜயன்ட்ஸ் என்கிற பெரிய தொழில்முறை அணிக்குத் தலைமை கோச்சாக இருந்தவர். அதை உதறிவிட்டு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்த சூடு ஆறுவதற்குள் குரு செத்துப்போகிறார். ஊரே இழவு காக்கிறது. அந்த நேரத்தில் பெர்கின்ஸ் என்ன செய்தார் தெரியுமா? பிரையன்டின் ஆட்ட முறையை மாற்றினார். அந்தக் கோபுரத்தையும் கழற்றி எடுக்கச் சொன்னார்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டேன்.

என் கதையைச் சொல்ல வேண்டிய இடம் இதுதான்.

பத்து வருஷத்துக்கு முன் ஒரு பத்திரிகை. பெயர் வேண்டாம். அதில் கால் நூற்றாண்டு பொறுப்பாசிரியராக இருந்தவர் ஓய்வு பெற்றார். எங்களுக்கெல்லாம் எழுதக் கற்றுக்கொடுத்தவர். என் முதல் கட்டுரையில் பதினாறு இடத்தில் சிவப்பு மையால் அடித்து, கடைசியில் ‘பரவாயில்லை’ என்று எழுதியவர். அந்த ‘பரவாயில்லை’யை நான் பிரேம் போடாத குறை. அவர் இடத்துக்கு என்னைப் போட்டார்கள்.

அவருக்கு ஒரு தேக்கு மேஜை உண்டு. அறையில் பாதி அதுதான். கண்ணாடிக்கு அடியில் பழைய விசிட்டிங் கார்டுகள், ஒரு முருகன் காலண்டர் படம், டீ டம்ளர் வைத்து வைத்து விழுந்த வட்டங்கள். அந்த மேஜையில் உட்கார்ந்தால் எனக்கு என் கை கையாகவே தெரியவில்லை. பேனாவை எடுத்தால் யாரோ பின்னால் நின்று பார்க்கிற மாதிரி இருக்கும். ஒரு வாரம் பார்த்தேன். அட்டெண்டரைக் கூப்பிட்டு, ‘அண்ணே, இதைக் கீழே குடோன்ல போட்டுடுங்க’ என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நாலு பேர் சேர்ந்து தூக்கிக்கொண்டு போனார்கள். வாசலில் ஒரு கால் இடித்துத் தேக்கு சிராய்ந்தது. அதன் சத்தம் எனக்கு இப்போதும் கேட்கும். அந்த இடத்தில் ஒரு கம்ப்யூட்டர் மேஜை வந்தது. ஜன்னலை அடைத்துக்கொண்டிருந்தது நகர்ந்ததால், அறைக்குள் வெயில் வந்தது.

ஒன்றிரண்டு மாதம் கழித்து, பி.எஃப். காகிதம் ஒன்றில் கையெழுத்துப் போட அவர் ஆபீஸுக்கு வந்தார். என் அறைக்கும் வந்தார். எழுந்து நின்றேன். “உக்காருப்பா” என்று சொல்லிவிட்டு, விருந்தாளி நாற்காலியில் உட்கார்ந்தார். சுற்றிப் பார்த்தார். மேஜை இருந்த இடத்தைப் பார்த்தார். டீ வந்தது, குடித்தார்.

“வெளிச்சம் இப்ப நல்லா வருது” என்றார்.

அவ்வளவுதான். அது பாராட்டா, வருத்தமா, வெறும் வெளிச்சமா என்று நான் இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். கேட்கலாம் என்று நான் தைரியம் சேர்த்துக்கொண்டிருந்தபோதே அவர் போய்விட்டார்.

அதனால்தான் கோபுரத்தைக் கழற்றிய பெர்கின்ஸை நான் திமிர் பிடித்தவர் என்று சொல்லத் தயாராக இல்லை. தலைக்கு மேல் காலி கோபுரம் ஒன்று நின்றால், கீழே நிற்கிற பையன்கள் யாரைப் பார்ப்பார்கள்? அவர் கணக்கையும் பாருங்கள். 1984-ல் ஐந்து வெற்றி, ஆறு தோல்வி. 1957-க்குப் பிறகு அலபாமாவுக்கு அதுதான் முதல் நஷ்ட வருஷம். வாண்டர்பில்டிடம் தோற்றதும் அப்போதுதான். ஆனால் 1986-ல் நோட்டர் டேம் அணியை 28-10 என்று ஜெயித்தார். பிரையன்ட் நாலு தடவை மோதி நாலு தடவையும் தோற்ற அணி அது. குருவால் முடியாததைச் சிஷ்யன் செய்துகாட்டினார். அதை யாரும் சிலை வைக்கிற விஷயமாக நினைக்கவில்லை. அந்த வருஷத்தோடு தொழில்முறை அணி ஒன்றுக்குப் போய்விட்டார். அவர் விட்டுவந்த நியூயார்க் நாற்காலியில் உட்கார்ந்த பில் பார்செல்ஸ் இரண்டு சூப்பர் போல் ஜெயித்தது தனிக்கதை. கழற்றிய கோபுரத்தை பிற்பாடு அலபாமாவில் மறுபடி கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள்.

பெர்கின்ஸுக்கு அடுத்து பில் கரி. இவர் பாவம், வெளியூர்க்காரர். போட்டிக் கல்லூரியான ஜார்ஜியா டெக்கில் படித்தவர். பிரையன்டின் சிஷ்யர் இல்லை என்பதே முதல் குற்றம். 1988-ல் ஒரு மேட்ச் தோற்றபோது, அவர் ஆபீஸ் ஜன்னல் வழியாகச் செங்கல் பறந்து வந்தது. 1989-ல் பத்து மேட்ச் ஜெயித்தார். ஆனால் பக்கத்து எதிரியான ஆபர்னிடம் மூன்று வருஷமும் தோற்றார். கென்டக்கிக்குக் கிளம்பிவிட்டார். பத்து ஜெயித்த ஆள் தானாக மூட்டை கட்டுகிறார் என்றால், அந்த ஊர் அவரை எப்படி நடத்தியிருக்கும்!

நாலாவது சிலைக்காரர் ஸ்டாலிங்ஸ், பிரையன்டின் அசல் சிஷ்யர். 1968-ல் டெக்ஸாஸ் அணிக்குக் கோச்சாக இருந்து பிரையன்டையே தோற்கடித்தவர். மேட்ச் முடிந்ததும் பிரையன்ட் ஓடி வந்து, தன்னை ஜெயித்த இவரை அலாக்காகத் தூக்கினார். எனக்குக் கிடைக்காதது அது. 1990-ல் அலபாமா வந்து, முதல் மூன்று மேட்சும் தோற்றார். யாரும் செங்கல் எறியவில்லை. 1992-ல் பதின்மூன்றுக்குப் பதின்மூன்று ஜெயித்து தேசியப் பட்டம்.

அவர் மகன் ஜான் மார்க் 1962-ல் டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவர். இந்தப் பிள்ளையை ஒரு விடுதியில் விட்டுவிடுங்கள், அதிக நாள் இருக்காது என்று டாக்டர்கள் சொன்னார்களாம். ஸ்டாலிங்ஸ் கேட்கவில்லை. பிள்ளையைப் பயிற்சி மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டே வந்தார். ஜான் மார்க் 46 வயது வரை இருந்தார். அணியின் சாமான்கள் வைக்கிற அறைக்கு அவர் பெயர். அப்பாவுக்கு வைத்த சிலையைவிட எனக்கு அந்த அறைப் பெயர் பிடித்திருந்தது.

அடுத்த நாலு பேரை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். டுபோஸ் ஒரு வருஷம் பட்டம் வாங்கினார், மறு வருஷம் 3-8 என்று விழுந்தார். ஃபிரான்கியோன் இரண்டே வருஷம் இருந்துவிட்டு டெக்ஸாஸுக்குப் பறந்தார். மைக் பிரைஸ் 2002 டிசம்பரில் வந்தார். ஃப்ளோரிடாவில் ஓர் இரவு விடுதிக்குப் போன விவகாரத்தில் 2003 மே மாதம் வேலை போனது. ஒரு மேட்ச்கூட நடத்தவில்லை, ஒப்பந்தத்தில் கையெழுத்தும் ஆகவில்லை.

பிரைஸ் போனதும் நடந்ததை மட்டும் நின்று சொல்ல வேண்டும். இரண்டு பேர் பெயர் அடிபட்டது. ஒருவர் சில்வெஸ்டர் க்ரூம். டஸ்கலூசாவிலேயே பிறந்த கறுப்பினத்தவர். பிரையன்டின் அணியில் ஆடியவர், அவருக்குக் கீழே உதவிக் கோச்சாகவும் இருந்தவர். இன்னொருவர் மைக் ஷூலா. புகழ்பெற்ற கோச் டான் ஷூலாவின் மகன். இவரும் அலபாமாவில் ஆடியவர்தான், வயதில் இளையவர். ஷூலாவை எடுத்தார்கள். அதே வருஷக் கடைசியில் க்ரூமை பக்கத்து மிஸிஸிப்பி ஸ்டேட் எடுத்துக்கொண்டது. அந்தத் தென்கிழக்குக் கூட்டமைப்பின் முதல் கறுப்பினத் தலைமை கோச் ஆனார். 2006 நவம்பரில் டஸ்கலூசாவுக்கே வந்து, ஷூலாவின் அணியை 24-16 என்று ஜெயித்துவிட்டுப் போனார். அந்த மாதமே ஷூலாவுக்கு வேலை போயிற்று. 2024-ல் வந்தவர் வரை எண்ணிப் பார்த்தேன். அலபாமாவின் தலைமை கோச் நாற்காலியில் ஒரு கறுப்பினத்தவரும் உட்காரவில்லை.

கடைசிச் சிலை சேபனுக்கு. அவர் அப்பா மேற்கு வர்ஜீனியாவில் பெட்ரோல் பங்க் வைத்திருந்தார். பையன் கார் கழுவ வேண்டும். ஒரு கோடு தெரிந்தால் முழு காரையும் மறுபடி கழுவ வேண்டும். கறுப்பு, கருநீல கார் வந்தால் பையனுக்கு அழுகை வரும். அந்தப் பையன்தான் 2006 டிசம்பர் 21-ம் தேதி, ‘நான் அலபாமா கோச் ஆகப் போவதில்லை’ என்று பத்திரிகைக்காரர்களிடம் சொல்லிவிட்டு, இரண்டே வாரத்தில் வந்து இறங்கினார். எட்டு வருஷத்துக்கு 3 கோடியே 20 லட்சம் டாலர். அரசாங்கப் பல்கலைக்கழகம் சார்! என் பி.காம். மூளை கொஞ்ச நேரம் வேலை செய்யவில்லை. ஆனால் அவர் வந்தபோது 25 ஆயிரத்துச் சொச்சம் மாணவர்கள் படித்த இடத்தில், அவர் போகும்போது 40 ஆயிரத்தை நெருங்கிவிட்டார்கள். பாதிக்கு மேல் வெளி மாநிலத்து மாணவர்கள், அதிக ஃபீஸ். லாப நஷ்டக் கணக்கு எழுதினால் அவர் சம்பளம் செலவுப் பக்கத்தில் வராது.

அவரும் முதல் வருஷம் லூசியானா - மன்ரோ என்கிற சின்ன அணியிடம் தோற்றார். ஊர் முணுமுணுத்தது. பிறகு ஆறு பட்டங்கள். 2024 ஜனவரி 10-ல் ஓய்வு. அடுத்த இரண்டாவது நாள், வாஷிங்டனிலிருந்து கேலன் டிபோர் வந்து உட்கார்ந்தார். நான் போவதற்கு ஒரு மாதம் முன்புதான் மைதானத்துக்கே சேபன் பெயரை வைத்திருந்தார்கள். டிபோர் தினமும் வேலை பார்க்கிற தரைக்கு அவருக்கு முன்னால் இருந்தவர் பெயர். என் தேக்கு மேஜையை நாலு பேர் தூக்க முடிந்தது. இதை எப்படித் தூக்குவது?

ஊருக்குத் திரும்ப பர்மிங்ஹாம் ஏர்போர்ட்டுக்கு டாக்ஸி பிடித்தோம். பையனும் கூட வந்தான். டிரைவர் அறுபது வயசுக்காரர், சிவப்புத் தொப்பி. சனிக்கிழமை மேட்சைப் பற்றித்தான் பேச்சு. “புது ஆள் நல்லவர்தான். ஆனால் சேபன் இருந்திருந்தால்...” என்று ஆங்கிலத்தில் இழுத்தார்.

“அஞ்சு மேட்ச்தான் ஆகியிருக்கு மாமா. அதுல நாலு ஜெயிச்சிருக்கார்” என்றான் பையன் தமிழில், டிரைவருக்குப் புரியாமல். பிறகு என் பக்கம் திரும்பி, “உங்களுக்கு எத்தனையாவது இதழ்ல வந்தது, ‘பழைய ஆசிரியர் இருந்தப்ப இப்படி இல்ல’ன்னு முதல் லெட்டர்?” என்று கேட்டான்.

“ரெண்டாவது இதழ்ல” என்றேன்.